ஒரு கட்டம் பாக்கி

1960 மார்ச் 9

குடையை ரிப்பேருக்குக் கொடுத்துப் பத்து நாள் ஆகிறது. மழையே இல்லாத மாசத்தில் என்ன அவசரம் என்கிறான் கடைக்காரன். வெயிலுக்கு நான் தலையில் சட்டியையா கவிழ்த்துக்கொண்டு போவது?

டாக்டர் ஆதிமூலம் இன்று கூப்பிட்டு அனுப்பினார். லண்டனில் படித்துவிட்டுப் போன வருஷம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர். காயம் பட்டவர்களுக்கு வாய் கிட்டி உடம்பு விறைத்துப்போகும் ரணஜன்னி வார்டு அவர் பொறுப்பு. "உத்திராபதி, கை நடுங்காம கோடு போடுவீங்களா?" என்றார். பிரெஞ்சுக்காரன் ஆபீசில் பதினாலு வருஷம் நகல் எழுதிய கை இது. "போடுவேன் மிசியே" என்றேன். வெள்ளைக்காரன் மூட்டை கட்டி ஆறு வருஷம் ஆகப்போகிறது, இந்த மிசியே மட்டும் வாயை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

வேலை இதுதான். ரணஜன்னிக்கு ஒரு புது ஊசி வந்திருக்கிறது. பழைய வைத்தியத்தைவிட அது மேலா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. வருகிற நோயாளிகளை வந்த வரிசைப்படி ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடியில் முதலில் வந்தவருக்கு எந்த வைத்தியம் என்பது ஒட்டிய கவருக்குள் இருக்கும். அடுத்து வருகிறவருக்கு மற்றது. கவர்களெல்லாம் என் அலமாரியில், சாவி என் இடுப்பில். புது ஊசி போட்டவர் பிழைத்து மற்றவர் இறந்தால், கட்டம் போட்ட தாளில் கோட்டை ஒரு கட்டம் மேலே ஏற்ற வேண்டும். மாறி நடந்தால் ஒரு கட்டம் கீழே. இரண்டு பேரும் பிழைத்தாலோ, இரண்டு பேரும் போனாலோ கோடு நகராது.

தாளில் மேலே ஒரு வேலி, கீழே ஒரு வேலி வரைந்து கொடுத்திருக்கிறார். மேல் வேலியைக் கோடு தொட்ட அன்றே சோதனை நின்றுவிடும், எல்லோருக்கும் புது ஊசி. கீழ் வேலியைத் தொட்டால் புது ஊசியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

"இருநூறு பேர்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு, அத்தனை பேரும் வந்து போற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்க வேணாம். ஜோடிக்கு ஜோடி பார்த்துக்கிட்டே போவோம். தெரிஞ்ச நிமிஷம் நிறுத்திடுவோம். ஒரு உசுருகூட அநாவசியமா போகக் கூடாது" என்றார். நல்ல மனுஷன்.

சாப்பிடும்போது தம்பியிடம் சொன்னேன். குமாரவேல் ஆலையில் தறி ஓட்டுகிறவன், எதையும் உருப்படியாகக் கேட்க மாட்டான். "ஆஸ்பத்திரியிலயும் ஆடுபுலி ஆட்டமாண்ணே?" என்று சிரித்தான். அவன் பெண்டாட்டி கொளஞ்சிக்கும் சிரிப்பு. எனக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. எட்டு வயசில் தாய் தகப்பனை இழந்த இந்தக் கழுதையை வளர்த்ததிலேயே என் வயசு போய்விட்டது.

மார்ச் 28

முதல் ஜோடி முடிந்தது. இரண்டு பேரும் பிழைத்து வீட்டுக்குப் போனார்கள். கோடு நகரவில்லை. இரண்டு உயிர் பிழைத்தது கோட்டுக்குச் செய்தியே இல்லையாம்!

ஏப்ரல் 19

ஒரு கட்டம் மேலே.

மே 23

இந்த மாசத்தில் மட்டும் இரண்டு கட்டம் கீழே. புது ஊசி போட்ட இரண்டு பேரும் போய்ச்சேர்ந்தார்கள், பழையது போட்டவர்கள் நடந்து போனார்கள். டாக்டர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "நிறுத்திடலாமா மிசியே?" என்று கேட்டேன். "வேலி இன்னும் தூரத்துல இருக்கு. ரெண்டு கட்டம் சும்மாவும் இறங்கும், சும்மாவும் ஏறும்" என்றார்.

ஜூன் 27

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

கருவடிக்குப்பத்துக் கொத்தனார் நாராயணசாமி தன் சம்சாரம் கன்னியம்மாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கால் விரலில் தகரம் கிழித்த காயம், வாய் கிட்டிப் போயிருந்தது. ஜோடியில் அவள் இரண்டாவது, பழைய வைத்தியம். பக்கத்துக் கட்டிலுக்கு வேறு ஊசி என்று எவனோ அவனிடம் வத்தி வைத்துவிட்டான். நேரே என் மேஜைக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டான். "அய்யா, அந்தப் புது ஊசியப் போடச் சொல்லுங்கய்யா, மூணு புள்ளைங்க இருக்குதய்யா." எனக்குக் கூச்சம், கோபம். "எழுந்திரு மொதல்ல. புதுசு நல்லதுன்னு யாருக்கும் தெரியாது. போன மாசம் புதுசு போட்டவங்கதான் செத்தாங்க. வரிசைன்னா வரிசைதான்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை.

ஜூன் 30

கன்னியம்மாள் இறந்தாள். ஜோடியில் மற்றவர் பிழைத்தார். ஒரு கட்டம் மேலே. நாராயணசாமி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 25

இந்த மாசம் முடிந்த ஜோடிகளில் கோடு ஏறிக்கொண்டே போகிறது. மேல் வேலிக்கு ஒரே ஒரு கட்டம் பாக்கி. டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து தாளைப் பார்க்கிறார்.

ஆகஸ்ட் 2

தவளக்குப்பத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்து இருசப்பன் ஆறு நாளாக வார்டில் கிடந்தான். மீன்முள் குத்தி வந்த ஜன்னி, அவனுக்குப் பழைய வைத்தியம். ஜோடியில் மற்றவன் புது ஊசி போட்டுப் பிழைத்துப் போய்விட்டான். ஆக, இருசப்பன் போனால் கோடு வேலியைத் தொடும், பிழைத்தால் நகராது. ஒரு மனுஷன் உயிரை இப்படியா பார்ப்பது? ஆனால் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் அவன் ஆட்கள் நாலு பேர் வந்து கட்டிலோடு தூக்கி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். நர்ஸ் கத்தினாள், கேட்கவில்லை. "உசுரு வூட்டுலதான் போவணும்மா, இங்க போச்சுன்னா ஊருக்குள்ள வுட மாட்டாங்க" என்றான் ஒருவன்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு நாள் விட்டுப் போய்ப் பார்த்துட்டு வாங்க. இருக்காரா இல்லையான்னு கண்ணால பார்த்துட்டு வரணும்."

ஆகஸ்ட் 4

சைக்கிளில் தவளக்குப்பம் வரை போய், அங்கிருந்து மணலில் தள்ளிக்கொண்டே நடந்தேன். குப்பத்தில் அம்மன் கொடி ஏறியிருக்கிறது. வீட்டுக்கு வீடு வேப்பிலை, தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், எனக்கும் ஒரு சொம்பு.

இருசப்பன் பெண்டாட்டி வீராயி வாசலுக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மஞ்சள் மின்னத் தாலி. "ஆஸ்பத்திரியிலேருந்து வரேம்மா. அவரு எப்படி இருக்காரு?" என்றேன். "இருக்காரு. நல்லா இருக்காரு" என்றாள். உள்ளே வா, உட்கார் என்று ஒரு சொல் வரவில்லை, நிலைப்படியை விட்டு நகரவும் இல்லை. உள்ளே போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கொடி ஏறின ஊரில், காப்புக் கட்டின வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உன் புருஷன் உயிரோடுதான் இருக்கிறானா என்று எப்படி இரண்டாம் தடவை கேட்பது? என் குலதெய்வமும் அம்மன்தான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிட்டேன்.

புத்தகத்தில் 'உயிருடன் உள்ளார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கோடு நகரவில்லை. "பிழைச்சுட்டாரா! ஆச்சரியமா இருக்கே" என்றார் டாக்டர். ஒரு கட்டம் இன்னும் பாக்கிதான்.

ஆகஸ்ட் 9

புது ஜோடி. மாட்டுவண்டி ஓட்டும் சாமிக்கண்ணு. கவரைப் பிரித்தேன், புது ஊசி. அப்படியென்றால் அடுத்து வாசலில் வந்து இறங்குகிறவனுக்குப் பழையது. அவன் இந்நேரம் எங்கேயோ சாப்பிட்டுக்கொண்டிருப்பான். பாவம்.

ஆகஸ்ட் 11

குமாரவேல்.

விடிகாலையில் பல் விளக்கப் போனவன் வாயைத் திறக்க முடியவில்லை என்று சைகை காட்டினான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், மரக்கட்டை. எனக்குத் தெரியாதா இது? ஐந்து மாசமாக இதையேதானே பார்க்கிறேன்! எட்டு நாள் முன்னால் ஆலையில் பெட்டி ஆணி குத்தியிருக்கிறது. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவேன் என்று என்னிடம் மறைத்துச் சுண்ணாம்பும் மஞ்சளும் வைத்துக் கட்டியிருக்கிறான். கொளஞ்சியையும் சொல்லக் கூடாது என்றானாம். அடப் பாவி.

ரிக்ஷாவில் போட்டுக்கொண்டு வந்தேன். வரிசையில் அவன்தான் இரண்டாவது. பழைய வைத்தியம்.

டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூட்டிப் போனார். "உத்திராபதி, ஒரு கட்டம்தான் பாக்கி. ஆனா மே மாசத்தைப் பார்த்தீங்க இல்ல? அந்த ஒரு கட்டம் இல்லாம புதுசு மேல்னு என்னால சொல்ல முடியாது. தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் குடுத்திருப்பேன்." குரலைத் தாழ்த்தி, "உங்க தம்பி. நீங்க சொல்லுங்க. வரிசையிலேருந்து எடுத்துட்டுப் புதுசு போடறேன். யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்றார்.

போடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாராயணசாமி என் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்தது கண்ணில் வந்தது. மூன்று பிள்ளைகள் என்றானே. அவனுக்கு வரிசை, என் தம்பிக்கு மட்டும் கொல்லைப்புற வழியா? என்ன மூஞ்சியோடு நாளைக்கு அந்த மேஜையில் உட்காருவேன்?

"வரிசைப்படியே போகட்டும் மிசியே" என்றேன்.

பழையதிலும் பாதிப் பேர் பிழைக்கிறார்கள். இருசப்பன்கூடப் பிழைத்தானே. வீட்டுக்குத் தூக்கிப்போன பிறகே பிழைத்தானே.

ஆகஸ்ட் 12

இருட்டு அறையில் வைத்திருக்கிறார்கள். சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது. கோயிலில் மாதா திருநாளுக்கு மணி அடிக்கிறார்கள். ஒவ்வொரு மணிக்கும் உடம்பு வில்லாக வளைகிறது. காதில் பஞ்சு அடைத்து, அதன்மேல் என் இரண்டு கையையும் வைத்துப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நினைவு தெளிவாக இருக்கிறது அவனுக்கு, அதுதான் கொடுமை. பல்லைத் திறக்காமலே "கோடு எங்கண்ணே இருக்கு?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கிறானா, தெரிந்துதான் கேட்கிறானா?

ஆகஸ்ட் 13

போய்ச் சொல்லிவிடலாமா? இப்போதுகூடப் போடலாமே? டாக்டர் அறை வரை போனேன். இரண்டு நாள் கழித்துப் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். அவர் கண்ணும் சிவந்திருந்தது.

ஆகஸ்ட் 14

காலை ஆறரைக்கு.

இருபத்தாறு வயசு.

ஆகஸ்ட் 26

சாமிக்கண்ணு பிழைத்துவிட்டான். இன்று வீட்டுக்குப் போனான், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஜோடி முடிந்தது. புது ஊசிக்காரன் பிழைத்தான், பழைய வைத்தியக்காரன் இறந்தான். ஸ்கேலை வைத்துக் கோட்டை ஒரு கட்டம் ஏற்றினேன். கை நடுங்கவில்லை. என் கை நடுங்காது என்று சொல்லித்தானே இந்த வேலையை வாங்கினேன். கோடு மேல் வேலியைத் தொட்டது.

டாக்டர் சோதனையை நிறுத்திவிட்டார். இன்றிலிருந்து எல்லோருக்கும் புது ஊசி. மிச்சக் கவர்களைக் கட்டி என்னையே சீல் வைக்கச் சொன்னார்.

சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து கொளஞ்சியிடம் பேசினார். "உங்க வீட்டுக்காரராலதான்மா கடைசிக் கட்டம் கிடைச்சுது. இனிமே வர்றவங்களுக்கு இந்த ஊசி அவரு குடுத்துட்டுப் போனது" என்றார். பன்னிரண்டு நாளாகச் சோறு தொடாமல் கிடந்தவள், அவர் போன பிறகு எழுந்து முகம் கழுவினாள். "மாமா, டாக்டர் சொன்னது நெசந்தானா?" என்று என்னைக் கேட்டாள். நிஜம்தான் என்றேன். எனக்கும் அது ஒன்றுதான் ஆறுதல்.

செப்டம்பர் 3

வீராயி வந்தாள்.

தலை நிமிராமல் எழுதிக்கொண்டே என்னம்மா வேணும் என்று கேட்டேன். எத்தா சிவில் ஆபீசில் சாவைப் பதிய ஆஸ்பத்திரிச் சீட்டு கேட்டார்களாம். யார் சாவு என்று நிமிர்ந்தேன். நெற்றி வெறுமை. கழுத்து வெறுமை.

"எப்போம்மா?"

"தூக்கிட்டுப் போன மறுநாளே சாமி."

"நான் வந்தப்போ?"

"அதுக்கு மொத நாளு." புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "கொடி ஏறிடுச்சு. கொடி எறங்குற வரைக்கும் சாவுன்னு வாயால சொல்லக் கூடாது, ஒப்பாரி கூடாது, தாலிய எறக்கக் கூடாது. விடியறதுக்குள்ள கொண்டுபோய்ப் பொதைச்சுட்டு வந்தாங்க. ஒம்போது நாளு பொட்டு வச்சுக்கிட்டு நின்னேன். நீங்க கேட்டதுக்கு நான் வேற என்னா சொல்லுவேன்?"

சீட்டு எழுதிக் கொடுத்தேன். இறந்த தேதி ஆகஸ்ட் 3. என் கையாலேயே எழுதினேன்.

செப்டம்பர் 3, மறுபடி

ஆகஸ்ட் 3. அவன் போனது 3. நான் போனது 4. நாலாம் தேதியே கோடு வேலியைத் தொட்டாச்சு! அன்றைக்கே நின்றிருக்கும். ஒன்பதாம் தேதி சாமிக்கண்ணுவுக்கும் புது ஊசிதான், பதினொன்றாம் தேதி குமாரவேலுக்கும் புது ஊசிதான். கவரும் கிடையாது, வரிசையும் கிடையாது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டிருக்கவே மாட்டார். நான் நாராயணசாமியை நினைத்திருக்க மாட்டேன், பெரிய தர்மராஜாவாட்டம் வரிசைப்படியே போகட்டும்னு சொல்லியிருக்க மாட்டேன். ஐயோ, உள்ள எட்டிப் பார்த்திருந்தா என்ன? ஒரே ஒரு எட்டுதானே! கண்ணால பார்த்துட்டு வான்னு படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்புனாரே! கூழை வாங்கிக் குடிச்சுட்டு வந்தேனே! கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இதைச் சின்ன வயசில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். எனக்கு எவன் சொல்லிக் கொடுப்பான்?

அம்மன் ஊரில் சாவைப் பேசக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தானே இரண்டாம் தடவை கேட்கவில்லை. நான் கேட்கக் கூடாது என்றால், அவள் மட்டும் சொல்லலாமா? அந்தச் சின்னக் கணக்கு ஏன் என் மண்டையில் உறைக்கவில்லை?

புதுசு போட்டிருந்தாலும் போயிருப்பானோ என்னவோ. இப்படி நினைத்துப் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை அந்த நினைப்பு.

செப்டம்பர் 5

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். நின்றபடியே சொன்னேன்.

"நான் என்ன சொல்லி அனுப்புனேன்?"

"கண்ணால பார்த்துட்டு வரச் சொன்னீங்க."

"பார்த்தீங்களா?"

"தாலியைப் பார்த்தேன் மிசியே."

அவர் திட்டவில்லை. தாளை எடுத்து விரித்தார். அப்புறம் சிவப்புப் பென்சிலால் ஆகஸ்ட் 3 என்று எழுதிக் கோட்டை ஒரு கட்டம் ஏற்றி வேலியில் நிறுத்தினார். நான் போட்ட கடைசிக் கட்டம் வேலிக்கு வெளியே தனியாக நின்றது. என் தம்பி அந்தக் கட்டம். "நானே போயிருக்கணும். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனவரு பிழைச்சார்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நம்பணும்னு ஆசை, நம்பிட்டேன்" என்றார்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். "விட்டுட்டு?" என்றார்.

கதவருகே வந்தபோது, "வீட்ல சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார்.

அக்டோபர் 18

டாக்டர் சென்னைக்கு அனுப்பும் அறிக்கையை நகல் எடுத்தேன். 'சோதனை ஆகஸ்ட் 3 அன்றே முடிந்திருக்க வேண்டும். ஒரு நோயாளியின் முடிவு தவறாகப் பதிவானதால் அதன்பின் ஒரு ஜோடி கூடுதலாகச் சேர்க்கப்பட்டது.' பெயர் போடவில்லை, என் பெயரும் இல்லை, தம்பி பெயரும் இல்லை. ஒரு ஜோடி கூடுதல். அநாவசியமா ஒரு உசுருகூடப் போகக் கூடாது என்றாரே மார்ச் மாசத்தில்.

நகல் ஒன்றை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். கொளஞ்சியிடம் காட்ட வேண்டும்.

நவம்பர் 6

காட்டவில்லை.

டிசம்பர் 24

இன்றும் இல்லை. தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எங்கூட்டுக்காரரு போனதுலதான் அந்த ஊசியே எல்லாருக்கும் வந்துச்சு." குழாயடியில் அவளுக்கு வழிவிடுகிறார்கள்.

1961 பிப்ரவரி 17

பக்கத்து வீட்டுச் செல்வாம்பாளைப் போன மாசக் கடைசியில் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். பிரசவத்துக்குப் பின் வந்த ஜன்னி. வந்த அரைமணியில் புது ஊசி. இன்று பிழைத்து வீட்டுக்குப் போனாள், குழந்தையும் சௌக்கியம். அழைத்துப்போகக் கொளஞ்சியும் வந்திருந்தாள்.

அவர்களை ரிக்ஷாவில் ஏற்றிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். குடை எடுத்துப் போக மறந்துவிட்டேன், நல்ல வெயில். கொளஞ்சி முன்னால் போனவள் நின்று திரும்பினாள்.

"மாமா, அவரு மட்டும் போகாம இருந்திருந்தா செல்வாம்பாளுக்கு இன்னிக்கு இந்த ஊசி கெடச்சிருக்காது, இல்ல?"

பை தோளில் இருந்தது. நாலு மாசமாக அந்த நகல் அதற்குள்தான் இருக்கிறது, மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம்மா. அவனாலதான்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்து, ஆறு மாசத்துக்கு அப்புறம் முதல் தடவையாக மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். எனக்குப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

வீராயிக்கு ஒன்பதாம் நாள் கொடி இறங்கிவிட்டது. நான் எத்தனை நாள் சொல்லாமல் இருக்க வேண்டும்?